ஃபூகெட் பெட்டி வீடும் சடோஷி கப்பலும்: கடல்ல தனியா வாழப் போனவங்களோட கேஸ் ஸ்டடி

2019 ஏப்ரல் 13, தாய்லாந்துல சோங்க்ரான், அதாவது அவங்க புத்தாண்டு, ஊரே தெருவுல நின்னு ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி பீய்ச்சிட்டு இருக்கிற நாள். அன்னைக்குதான் தாய்லாந்து நேவி ஆளுங்க ஃபூகெட் தீவுக்கு அப்பால கடல் நடுவுல மிதந்துட்டிருந்த ஒரு குட்டி வீட்டுல போய் ஏறுனாங்க. உள்ள யாருமே இல்ல. குடியிருந்த அமெரிக்கக்காரர் சாட் எல்வார்டோவ்ஸ்கியும் அவரோட தாய்லாந்து துணையும் விஷயம் காதுக்கு வந்து முன்னாடியே கிளம்பிட்டாங்க. அவங்க மேல என்ன கேஸ் தெரியுமா, பர்மிட் இல்லாம கட்டுனதுக்கு ஃபைன் அந்த மாதிரி எல்லாம் இல்ல, தாய்லாந்து குற்றவியல் சட்டம் பிரிவு 119, நாட்டோட சுதந்திரத்துக்கே ஊறு விளைவிச்சதா குற்றச்சாட்டு, நிரூபிச்சா ஆயுள் தண்டனை இல்லன்னா மரண தண்டனை. ஆறு மீட்டர் அகலம் இருந்த ஒரு வீட்டுக்கு!

இந்தச் செய்தியைப் படிச்ச நிறைய பேர் "பாவம், சுதந்திரமா வாழ நினைச்சாங்க, அரசாங்கம் விடலை"ன்னு அதோட முடிச்சுட்டாங்க. எனக்கு அது பாதிக் கதைன்னு தோணுது. ஏன்னா அதே ஆளுங்க அடுத்த வருஷமே பனாமாவுக்குப் போய் ஒரு முழு க்ரூஸ் கப்பலையே வாங்கி மறுபடி ட்ரை பண்ணாங்க, அங்க எந்த நேவியும் வரலை, போலீஸ் வரலை, அரசாங்கம் வரவேற்கவே செஞ்சுது, ஆனாலும் கொஞ்ச மாசத்துலயே ஊத்திக்கிச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாதான் கடல்ல தனிக்குடித்தனம் போறவங்களை நிஜமா எது தடுக்குதுன்னு புரியும்.

முதல்ல அந்த ஃபூகெட் வீடு. பேரு எக்ஸ்எல்ஐஐ, ரோமன் எண்ல 42. கட்டுனது ஓஷன் பில்டர்ஸ்ங்கிற குழு, பணம் போட்டது ரூடிகர் கோக்னு ஒரு ஜெர்மன் எஞ்சினியர், பிட்காயின்ல சம்பாதிச்சவர். எல்வார்டோவ்ஸ்கியும் பிட்காயின் ஆள்தான். டிசைன் நிஜமாவே நல்ல டிசைன், அதை ஒத்துக்கணும். சாதாரண படகு மாதிரி தண்ணி மேல படுத்துக் கிடக்காம, கீழ சுமார் 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய் செங்குத்தா இறங்கி, அடில வெயிட் வெச்சு, மேல வீடு நிக்கும். அலையோட ஆட்டம் கடல் மட்டத்துலதான் ஜாஸ்தி, ஆழம் போகப் போக கம்மி ஆயிடும், அதனால பெரும் பகுதி ஆழத்துல இருக்கிற பொருள் அவ்வளவா ஆடாது. ஆழ்கடல் எண்ணெய் பிளாட்ஃபார்ம்கள்ல ஏற்கனவே இருக்கிற டெக்னிக்தான், அதை ஒரு ஜோடி குடியிருக்கிற சைஸுக்குச் சுருக்கிட்டாங்க. 2019 ஆரம்பத்துல கொண்டு போய் நிறுத்துனாங்க, இவங்க ரெண்டு பேரும் சில வாரம் இருந்தும் காட்டுனாங்க, அடுத்து இதே மாதிரி 20 வீடு விக்கலாம்னு ப்ளான். விக்கிற ப்ளானை வீடியோ போட்டு ஊருக்கே சொன்னதுதான் நேவி கண்ணுலயும் பட்டுச்சு.

இடம் ஏன் அங்கன்னா 12 கடல் மைல் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், அப்ப 12 மைல்னா சுமார் 22 கிலோமீட்டர், கரையில இருந்து அதுவரைக்கும்தான் ஒரு நாட்டோட கடல் எல்லை, அதைத் தாண்டுனா சர்வதேசக் கடல், அங்க யாரும் நம்மளைக் கேக்க முடியாதுங்கிறது இவங்க வாதம். வீடு நின்னது அந்தக் கோட்டைத் தாண்டி கொஞ்சம் தூரத்துல. இணையத்துல தனிநாடு கனவு காண்ற எல்லாரும் இந்த ஒரே நம்பரை மட்டும் மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காங்க, அதுக்கு அடுத்த பக்கத்தைப் படிக்கிறதே இல்ல. 1982 ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்துல 12 மைலுக்கு அப்புறம் 24 மைல் வரைக்கும் ஒரு மண்டலம் இருக்கு, அங்க கஸ்டம்ஸ், குடியேற்றம், சுகாதாரம் மாதிரி விஷயத்துல கரை நாட்டுக்கு அதிகாரம் உண்டு. அதுக்கும் மேல 200 மைல் வரைக்கும் பிரத்யேகப் பொருளாதார மண்டலம். அந்த மண்டலத்துல யாரு வேணா கப்பல் ஓட்டலாம், மேல பிளேன் பறக்கலாம், ஆனா செயற்கைத் தீவு, நிரந்தரக் கட்டுமானம்னு வந்துட்டா அதைக் கட்டுறதும் கட்ட அனுமதி கொடுக்கிறதும் கரை நாட்டோட தனி உரிமைன்னு 60ஆவது பிரிவு பச்சையா சொல்லுது. அதே பிரிவு இன்னொண்ணும் சொல்லுது, செயற்கைத் தீவுக்கு தீவுங்கிற அந்தஸ்து கிடையாது, அதைச் சுத்தி சொந்தமா கடல் எல்லையும் கிடையாது. தாய்லாந்து இந்த ஒப்பந்தத்துல 2011ல சேர்ந்தாச்சு. அதனால 12 மைலா 14 மைலாங்கிற சண்டையே வேஸ்ட், 150 மைல் தள்ளி நிறுத்தியிருந்தாலும் கேள்வி கேக்க தாய்லாந்துக்கு உரிமை இருந்துச்சு.

சரி 200 மைலையும் தாண்டிப் போயிடலாமேன்னா, அங்க 89ஆவது பிரிவு நிக்குது, ஆழ்கடலோட எந்தப் பகுதியையும் எந்த நாடும் தன்னோடதுன்னு சொல்ல முடியாது. நாடுகளுக்கே முடியாதப்ப நாலு பேரு சேர்ந்து எப்படிச் சொல்றது. போதாக்குறைக்கு எந்த நாட்டுலயும் ரிஜிஸ்டர் பண்ணாத, அதாவது கொடி இல்லாத கலத்தை நடுக்கடல்ல எந்த நாட்டுப் போர்க்கப்பலும் நிறுத்தி ஏறி செக் பண்ணலாம், 110ஆவது பிரிவு. நம்பர் பிளேட் இல்லாத வண்டியை ஹைவேல ஓட்டிட்டு போலீஸ் ஏன் நிறுத்துறாங்கன்னு கேக்குற மாதிரிதான்.

எல்வார்டோவ்ஸ்கி தரப்புல சொன்னது என்னன்னா, நாங்க எப்பவும் தனிநாடுன்னு அறிவிக்கவே இல்ல, நாங்க வெறும் குடியிருந்தவங்க, கட்டுனதுகூட நாங்க இல்ல. அதுல நியாயம் இருக்கு, மரண தண்டனைப் பிரிவு போட்டது எனக்கும் அபத்தமாத்தான் படுது. அதே சமயம் ஒரு சாதாரணப் படகா எங்கயாவது ஒரு நாட்டுல ரிஜிஸ்டர் பண்ணி, கொடி கட்டி, அந்த ஊரு துறைமுக ஆபீஸ்ல ஒரு லெட்டர் கொடுத்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதுன்னும் தோணுது. ஆனா அப்படிப் பண்ணிட்டா "எந்த அரசுக்கும் கட்டுப்படாத முதல் வீடு"ன்னு விளம்பரம் பண்ண முடியாது, விளம்பரம் இல்லன்னா அடுத்த 20 வீடு விக்காது. ஏப்ரல் 22ஆம் தேதி நேவி அந்த வீட்டை இழுத்துட்டு கரைக்கு வந்துட்டாங்க, இவங்க சிங்கப்பூர் வழியா தப்பிச்சு பனாமா போய்ச் சேர்ந்தாங்க.

(நம்ம ஊர்க்காரங்களுக்கு தனிநாடுன்னாலே உடனே நித்யானந்தாவோட கைலாசா ஞாபகம் வரும், தெரியும். அதுவும் இதே 2019ல கிளம்புன கதைதான், எக்வடோர் பக்கத்துல தீவு வாங்கிட்டார்னு செய்தி ஓடுச்சு, நாங்க எந்த இடமும் வாங்கித் தரலைன்னு எக்வடோர் மறுத்துடுச்சு. ஆனா கைலாசா பெரும்பாலும் வெப்சைட்டுல இருக்கிற நாடு, அதுக்கு அலை, துரு, கழிவுத் தண்ணி பிரச்சினை எல்லாம் இல்ல. இங்க பேசுறது நிஜமாவே தண்ணி மேல இறங்குனவங்களைப் பத்தி.)

"அப்ப சீலேண்ட் மட்டும் எப்படி இருக்கு"ன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வரும். சீலேண்ட் இங்கிலாந்து சஃபோக் கரைக்கு எதிர்ல, ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் ராணுவம் கட்டிட்டு 1956ல கைவிட்ட கோட்டை, ரெண்டு கான்க்ரீட் தூண், மேல ஒரு தளம். பாடி ராய் பேட்ஸ்னு முன்னாள் ராணுவ மேஜர், திருட்டு ரேடியோ நடத்திட்டு இருந்தவர், 1967 செப்டம்பர் 2ல அதைத் தனி நாடுன்னு அறிவிச்சார். அப்ப பிரிட்டனோட கடல் எல்லை வெறும் 3 மைல், கோட்டை அதுக்கு வெளிய. 1968ல அவர் பையன் பக்கத்துல வந்த வேலைக்காரங்களைப் பார்த்து எச்சரிக்கைத் துப்பாக்கிச் சூடு நடத்த, கேஸ் செம்ஸ்ஃபோர்டு கோர்ட்டுக்குப் போக, இது எங்க எல்லைக்கு வெளியன்னு ஜட்ஜ் சொல்லிட்டார். அந்தத் தீர்ப்பைத்தான் இன்னைக்கு வரைக்கும் அந்தக் குடும்பம் அங்கீகாரம்னு சொல்லிட்டு வருது. 1978ல ஜெர்மன், டச்சு ஆளுங்க வந்து கோட்டையைப் பிடிச்சு, பையனைப் பணயமா வெச்சு, பேட்ஸ் ஹெலிகாப்டர்ல வந்து திரும்பப் பிடிச்சது எல்லாம் தனிக் கதை, அதுக்குள்ள போனா இது முடியாது. முக்கியமான விஷயம், 1987ல பிரிட்டன் எல்லையை 12 மைலா நீட்டிடுச்சு, இப்ப கோட்டை எல்லைக்கு உள்ளதான் இருக்கு, பிரிட்டன் கண்டுக்காம விட்டிருக்கு அவ்வளவுதான். வருமானம் லார்டு, லேடின்னு பட்டம் விக்கிறதுல வருது, நிரந்தரமா இருக்கிறது காவலுக்கு ஒண்ணு ரெண்டு பேர். 2000ல அங்க ஹேவன்கோன்னு சர்வர் கம்பெனி ஆரம்பிச்சு அதுவும் 2008ல மூடிடுச்சு.

கண்டுக்காம விடாத நாடுகள் என்ன பண்ணுதுன்னும் வரலாறு இருக்கு. இத்தாலி ரிமினி கரைக்கு அப்பால ஜார்ஜியோ ரோசாங்கிற எஞ்சினியர் 1968ல 400 சதுர மீட்டர் மேடை கட்டி, எஸ்பெராண்டோங்கிற செயற்கை மொழியை ஆட்சிமொழின்னு அறிவிச்சார், கொஞ்ச நாள்ல போலீஸ் வந்து பிடிச்சு, 1969 பிப்ரவரில வெடி வெச்சே தகர்த்துட்டாங்க. பசிபிக்ல மினர்வா பவளத்திட்டு மேல மண்ணைக் கொட்டி 1972ல அமெரிக்கக் கோஷ்டி ஒண்ணு குடியரசு அறிவிச்சப்ப டோங்கா மன்னரே கப்பல்ல கிளம்பி வந்து தன் கொடியை ஏத்திட்டார்.

இதெல்லாம் தெரிஞ்சுதான் கடல்ல மிதக்கும் ஊர் அமைக்கணும்னு 2008ல ஆரம்பிச்ச சீஸ்டெடிங் இன்ஸ்டிட்யூட், பாட்ரி ஃப்ரீட்மேனும் வெய்ன் கிராம்லிக்கும் தொடங்கி அமெரிக்கக் கோடீஸ்வர முதலீட்டாளர் பீட்டர் தீல் 5 லட்சம் டாலர் போட்டது, நடுவுல ரூட்டை மாத்துச்சு. எல்லைக்கு வெளிய போறதை விட்டுட்டு ஒரு நாட்டோட பேசி அவங்க தண்ணியிலயே சிறப்பு அனுமதி வாங்கலாம்னு 2017 ஜனவரில ஃபிரெஞ்சு பாலினீசியாவோட ஒப்பந்தக் குறிப்புல கையெழுத்தும் போட்டாங்க. உள்ளூர் மக்கள்ட்ட எதிர்ப்பு, பக்கத்துல தேர்தல், 2018ல அதுவும் அப்படியே ஆறிப் போச்சு.

பனாமா கதை இந்த ரெண்டாவது ரூட்தான். தாய்லாந்துல அடி வாங்குனதால இந்தத் தடவை அரசாங்கத்தோட சேர்ந்து, அனுமதியோட, எல்லைக்கு உள்ளயே. கோக், எல்வார்டோவ்ஸ்கி, கூட கிராண்ட் ரோமுண்ட்னு ஒரு கனடாக்காரர், மூணு பேரும் மிதக்கும் வீடு கட்ட பனாமால இறங்குனாங்க. அப்ப 2020, கொரோனா. க்ரூஸ் கம்பெனி எல்லாம் கப்பலை எங்க நிறுத்துறதுன்னு தெரியாம பழைய கப்பலை வந்த விலைக்குத் தள்ளிட்டு இருந்தாங்க. அதுல ஒண்ணு பசிபிக் டான், 1991ல இத்தாலில கட்டுனது, 245 மீட்டர் நீளம், 70,000 டன் கிட்ட, ரெண்டாயிரம் பேர் போகலாம். அதை வாங்க ஏற்கனவே பேசி வெச்சிருந்த க்ரூஸ் அண்ட் மாரிடைம் வாயேஜஸ்ங்கிற பிரிட்டிஷ் கம்பெனி அந்த ஜூலைலயே திவாலாயிடுச்சு. அதனால இவங்களுக்கு 95 லட்சம் டாலருக்குக் கிடைச்சதா செய்தி. பெரிய நகரத்துல ஒரு நல்ல பங்களா விலைக்கு முழு கப்பல், நீச்சல் குளம், தியேட்டர், ரெஸ்டாரண்ட் எல்லாம் சேர்த்து. யாருக்குத்தான் ஆசை வராது.

பேரு எம்எஸ் சடோஷின்னு மாத்துனாங்க, பிட்காயினை உருவாக்குன சடோஷி நாகமோட்டோ பேரு. பனாமா வளைகுடாவுல கப்பலை நிரந்தரமா நங்கூரம் போட்டு நிறுத்தி, சுத்தி மிதக்கும் வீடுகளைச் சேர்த்து, மேல இருந்து பார்த்தா பிட்காயின் சின்னமான பி எழுத்து மாதிரி தெரியணும்னு படம் எல்லாம் போட்டாங்க. கேபின்களை ஏலம் விட்டாங்க, 2020 நவம்பர்ல. வாங்க வந்தவங்க கேட்ட கேள்வி எல்லாம் ரொம்ப சாதாரணமானது, ரூம்ல சமைக்கலாமா, நாய் வளர்க்கலாமா. ரூம்ல சமைக்கவே கூடாது, கப்பல்ல தீ பிடிச்சா ஓட இடம் இல்ல, அது எந்தக் கப்பல்லயும் இருக்கிற ரூல். சுதந்திரத்தைத் தேடி வர்ற ஆளுக்கு முதல் நாளே கிடைக்கிறது ஒரு ஹாஸ்டல் விதிமுறைப் பட்டியல்.

இப்ப எனக்கு இந்தக் கேஸ்லயே ரொம்பப் பிடிச்ச இடம். பனாமா அரசாங்கம் கப்பலை நிறுத்த ஓகே சொல்லிடுச்சு, ஆனா அதை மிதக்கும் குடியிருப்புன்னு வகைப்படுத்த ஒத்துக்கலை, கப்பல் கப்பலாவே இருக்கணும்னு சொல்லிடுச்சு. கப்பல்னா கப்பலோட எல்லா விதியும் ஒட்டிக்கும், கேப்டன் வேணும், குறைந்தபட்ச மாலுமிங்க வேணும், எஞ்சின் ஓடுற நிலைமைல இருக்கணும், சர்வே, சர்டிஃபிகேட். அதோட கழிவுத் தண்ணி. சுத்திகரிக்காத கக்கூஸ் தண்ணியைக் கடல்ல விடணும்னா சர்வதேச விதிப்படி கரையில இருந்து 12 கடல் மைலுக்கு மேல போகணும். அதனால கிட்டத்தட்ட 20 நாளைக்கு ஒரு தடவை 245 மீட்டர் கப்பல் நங்கூரத்தைத் தூக்கி, டீசலைக் கொளுத்தி, நடுக்கடலுக்குப் போய் டேங்கைக் காலி பண்ணிட்டு திரும்பி வரணும்னு ஆச்சு. ஃபூகெட்ல சுதந்திரத்தோட எல்லைக்கோடுன்னு இவங்க நம்பி நின்ன அதே 12 மைல், பனாமால கக்கூஸ் கொட்டப் போற தூரம்.

ஆனா கழிவு செலவுதான், கொலை இல்ல. கொன்னது இன்சூரன்ஸ். கொஞ்சம் விளக்கமா சொல்றேன், இதைத்தான் யாரும் பேசுறதில்ல. பெரிய கப்பலுக்கு ரெண்டு விதமான காப்பீடு, ஒண்ணு கப்பல் உடம்புக்கு, இன்னொண்ணு அதால மத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கு, அதாவது எண்ணெய் கொட்டிடுச்சு, ஆளு செத்துட்டாங்க, கப்பல் மூழ்கி வழியை அடைச்சுக்கிட்டு கிடக்கு, அதை எடுக்குற செலவு. இந்த ரெண்டாவதைக் கொடுக்கிறது கப்பல் முதலாளிங்களே சேர்ந்து நடத்துற பி அண்ட் ஐ கிளப்புகள், அதுல ஒரு பன்னெண்டு கிளப்போட கூட்டமைப்பே உலகக் கப்பல் டன்னேஜ்ல சுமார் 90 சதவீதத்தைக் காப்பீடு பண்ணுது. எரிபொருள் கசிவுக்கும் சிதிலத்தை அகற்றுறதுக்கும் காப்பீட்டுச் சான்றிதழ் இல்லன்னா பெரும்பாலான துறைமுகத்துக்குள்ள நுழையவே முடியாது, கொடி கொடுத்த நாடும் பேப்பர் தராது. அந்தக் கிளப்புக்காரங்க பார்க்கிறது கடந்த கால அனுபவக் கணக்கு. சரக்குக் கப்பலுக்குக் கணக்கு இருக்கு, க்ரூஸுக்குக் கணக்கு இருக்கு. முப்பது வயசு கப்பல், ஒரே இடத்துல நிக்கப் போகுது, உள்ள வாழப் போறது பயணியும் இல்ல மாலுமியும் இல்ல, நடத்துறவங்களுக்கு கப்பல் நடத்துன அனுபவமே இல்ல, அதுல ஒருத்தர் மேல ஒரு நாட்டுல இறையாண்மைக் கேஸ் வேற. இதுக்கு எந்த டேபிள்லயும் ரேட் கிடையாது. யாரும் தர மாட்டேன்னுட்டாங்க.

இதை எதிர்த்து வாதாட கோர்ட்டும் இல்ல, போராட்டமும் பண்ண முடியாது, ஏன்னா யாரும் எதையும் தடை பண்ணலை, ஒரு தனியார் வியாபாரத்துல இஷ்டம் இல்லன்னு ஒதுங்கிட்டாங்க அவ்வளவுதான். அரசாங்கம் இல்லாம சந்தையே எல்லாத்தையும் பார்த்துக்கும்னு நம்பி வந்தவங்களை நிறுத்துனது சந்தை. தாய்லாந்து நேவி மேல கோபப்பட்ட அளவுக்கு இன்சூரன்ஸ் மேல யாரும் கோபப்பட்டு நான் பார்க்கலை.

அறிவிப்பு டிசம்பர்ல வந்துச்சு, கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து வந்துட்டிருக்கப்பவே, திட்டம் கைவிடப்படுது, ஏலத்துல எடுத்தவங்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும்னு. சும்மா நிறுத்தி வெச்சாலும் ஜெனரேட்டர் ஓடணும், ஆளுங்க சம்பளம் போகணும், அதனால அடுத்து குஜராத் ஆலங்ல உடைக்கிற யார்டுக்கு வித்துடலாம்னு பேசுனாங்க, உலகத்துப் பழைய கப்பல்ல பெரும்பங்கு வந்து சேர்ற கரைகள்ல ஒண்ணு அது. அதுலயும் ஒரு முட்டுக்கட்டை. பழைய கப்பல்னாலே ஆஸ்பெஸ்டாஸ், எண்ணெய்க் கசடுன்னு அபாயக் கழிவு உண்டு, அதை ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்கு அனுப்புறதைக் கட்டுப்படுத்துற பேசல் ஒப்பந்தம் குறுக்க வந்துடுச்சு. வாழவும் விடலை, சாகவும் விடலைன்னு சொல்லுவோம்ல, அந்த நிலைமை. கடைசில 2021ல அம்பாசடர் க்ரூஸ் லைன்ங்கிற புது பிரிட்டிஷ் கம்பெனி வாங்கி, ஆம்பியன்ஸ்னு பேர் மாத்தி, 2022 ஏப்ரல்ல லண்டன் பக்கத்து டில்பரி துறைமுகத்துல இருந்து ஓட்ட ஆரம்பிச்சுது. அதே கப்பல், அதே வயசு, ஆனா இது க்ரூஸ்னு பேப்பர்ல எழுதுனதும் காப்பீடு, சர்டிஃபிகேட் எல்லாம் வந்துடுச்சு.

வேற மாதிரி பண்ணியிருக்கலாமான்னு கேட்டா, வரிசையைத் தலைகீழாப் போட்டதுதான் தப்புன்னு சொல்லுவேன். கப்பலை வாங்குறதுக்கு முன்னாடி காப்பீட்டுக்காரங்ககிட்ட உக்காந்து பேசியிருக்கணும், கழிவைச் சுத்திகரிக்கிற மெஷினுக்குக் கணக்குப் போட்டிருக்கணும், அப்புறம்தான் பேரு, சின்னம், ஏலம் எல்லாம். இவங்களுக்கு 95 லட்சம்ங்கிற விலை கண்ணை மறைச்சிடுச்சு, ஒரு கப்பலோட விலை அதை வாங்குறதுல இல்ல, தினம் வெச்சுக்கிறதுல இருக்கு, அதனாலதான் வித்தவங்க அவ்வளவு சீப்பா வித்தாங்க.

ஓஷன் பில்டர்ஸ் இன்னும் பனாமாலதான் இருக்கு. 2022ல சீபாட்னு ஒத்தைத் தூண் மேல நிக்கிற மிதக்கும் வீட்டை அறிமுகம் பண்ணப்ப மாடல் வீடு ஒரு பக்கமா சாய்ஞ்சு தண்ணில இறங்கிடுச்சு, அந்த வீடியோ உலகம் பூரா ஓடுச்சு. அதுக்கப்புறம் கரீபியன் பக்கம் புவெர்ட்டோ லிண்டோ கரையோரத்துல அதைச் சரியா நிறுத்தி, அதோட சேர்ந்த ஒரு 30 சதுர மீட்டர் அறைல, கடலுக்கடில சுமார் 11 மீட்டர் ஆழத்துல, கோக் 120 நாள் தொடர்ந்து தங்கி 2025 ஜனவரில கின்னஸ் சாதனை பண்ணார். பெட், டிவி, கம்ப்யூட்டர், இன்டர்நெட், உடற்பயிற்சி சைக்கிள் எல்லாம் உள்ளயே இருந்துச்சு. அது இருக்கிறது பனாமாவோட கடல் எல்லைக்குள்ள, கரைக்குப் பக்கத்துல, பனாமா சட்டத்துக்குக் கீழ. தனிநாடுங்கிற பேச்சை இப்ப அவங்க எடுக்கிறதே இல்ல, சொகுசு வீடுன்னுதான் விக்கிறாங்க.